பத்தாவது ஆள்

வேலையாட்களைக் கணக்கெடுக்கும் மஸ்டர் கொட்டகைக்குள் ஒன்பது பேர் மாஸ்க்கோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஊரடங்கில் நாற்பது நாள் பூட்டிக் கிடந்த எஸ்டேட் நாளைக்குத் திறக்கிறது. ஊசி போடாதவர்களுக்கு வேலையில்லை என்று கதவில் நோட்டீஸ். மேசைமேல் நீல ஐஸ் பெட்டி. ஒரு குப்பியை உடைத்தால் பத்துப் பேருக்குப் போட்டாக வேண்டும். நர்ஸ் சாந்தாமணி கடிகாரத்தைப் பார்க்கிறாள். "இன்னும் ஒராள் வரோணுமுங்க. இல்லீன்னா பொட்டிய எடுத்துட்டுக் கெளம்பீருவேன்." வெளியே பனிமூட்டம் தேயிலைச் செடிகளை ஒவ்வொரு வரிசையாக அழித்துக்கொண்டு மேலேறுகிறது. கொட்டகையின் பின்புறம், நீர் வழியும் தகரத்தில் ராக்கம்மா நெற்றியை அழுத்தி நிற்கிறாள். இரண்டு நாளாகக் காய்ச்சல். காய்ச்சல்காரர்களுக்கு ஊசி கிடையாது. உள்ளே இருந்த ஒன்பது பேரில் ஒருத்தியான அங்கம்மா மெல்ல நழுவி வந்து கிசுகிசுக்கிறாள். "போதும் வாடி, நெத்தி தேஞ்சிரப் போவுது." "இருடி, தொட்டுப் பாரு, இன்னும் சுடுதா?" அங்கம்மா தொடுகிறாள். உடனே கையைச் சேலையில் துடைத்துக்கொள்கிறாள். "இல்ல, வா." உள்ளே வந்ததும் வெப்பமானி ராக்கம்மாவின் நெற்றிக்கு நேரே ஒருமுறை பீப் என்கிறது. "தொண்ணூத்தாறு. ஐஸாட்டம் இருக்கறீங்களே!" என்று சிரிக்கிறாள் சாந்தாமணி. ஒன்பது பேரும் தரையைப் பார்க்கிறார்கள். குப்பியின் மூடி 'டக்'கென்று கழல்கிறது. பத்துப் பேருக்கும் ஊசி ஏறி முடிகிறது. "அரை மணி நேரம் ஆரும் வெளிய போகக்கூடாதுங்க. குளுருது, கதவைச் சாத்துங்க." அங்கம்மா கதவைச் சாத்துகிறாள், ஜன்னலையும் சாத்துகிறாள். பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் வரிசையின் நடுவில், அதுவரை அடக்கிய இருமல் ராக்கம்மாவின் தோள்களைக் குலுக்கத் தொடங்குகிறது.