ஐந்தாவது பெயர்

கார் இன்சூரன்ஸ் முடிய இரண்டு நாள் இருந்தபோது, ஏஜென்ட் மதலைமுத்து மூன்று கம்பெனிகளின் விலையை என் முன் விரித்தார். ஆகக் குறைந்ததைத் தொட்டேன். அதிலும் குறைக்க வழியுண்டா என்று கேட்டேன்.

"கார்ல போறவங்க பேரு போட்டு விபத்துக் காப்பு எடுக்கீங்க. ஒரு பேரக் குறைச்சா நூறு ரூபா குறையும். வீட்டுல அஞ்சு பேருல்லா சார்?"

"நாலு போதும். கொழுந்தியா எப்பவாவதுதான் வருவா."

பொய். மனைவி வேலைக்குப் போக, எங்கள் பிள்ளைகள் இரண்டு பேரையும் வளர்ப்பவள் அவள் தங்கை புனிதாதான். ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போகையில் பின்சீட்டில் அவர்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பாள்.

பாலிசி கூரியரில் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிய புனிதா, பெயர்களைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினாள். "இது அப்பா. இது அம்மா. இது நீ. இது பாப்பா."

"சித்தி பேரு எங்க?" என்றான் மகன்.

காகிதத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். பிறகு பழைய மடிப்பிலேயே மடித்து என்னிடம் நீட்டினாள்.

அந்த ஞாயிறு காரில் ஏறியதும் கேட்டாள்: "அத்தான், பின்சீட்டுக்கும் பெல்ட் உண்டுல்லா?"

உண்டு. ஆறாயிரம் ரூபாய்க்கு வாங்கிய புது சீட் கவருக்கு அடியில் நான்தான் அமுக்கி வைத்திருந்தேன். இறங்கிப் போய்க் கையை விட்டுத் தேடினேன். ஓரத்துப் பெல்ட்டுகள் இரண்டும் உடனே கிடைத்தன; புனிதா அவற்றைப் பிள்ளைகளுக்கு மாட்டிவிட்டாள். நடுவில் இருந்ததுதான் அகப்படவில்லை.

"கெடக்கட்டும் அத்தான். பிள்ளைங்களுக்கு மாட்டியாச்சுல்லா, போவோம்."

நான் கையை வெளியே எடுக்கவில்லை.