அம்சவள்ளி நிறுத்திய இடம்

அம்மன் கோயில் மண்டபத்துப் படியில் கால் வைத்தபோதே உள்ளேயிருந்து வெடிச்சிரிப்பு கேட்டது.

பிரேமலாவுக்குச் சுருக்கென்றது. அம்சவள்ளியின் பதினாறாம் நாள் காரியம். படத்துக்குப் போட்ட மாலைகூட இன்னும் வாடவில்லை. அதற்குள் என்ன சிரிப்பு?

சிரித்தது வலப்பக்க மேசைக்காரர்கள். ஒரே வேனில் வந்து இறங்கியவர்கள். அம்சாவின் 'செட்டு'. செவ்வாய், வியாழன், சனி என்று வருஷக்கணக்கில் அவள் விடாமல் போய் உட்கார்ந்துவந்த கூட்டம்.

"ஒரு வாட்டி வந்து பாருடி. அம்மன் என்னை அங்க உக்கார வச்சுத்தான் பேசுறா" என்று அம்சா கூப்பிடாத வாரமில்லை. ஜெராம் பக்கம் ஒரே கித்தாத் தோட்டத்தில், ரப்பர் பால் வெட்டுகிறவர்களின் ஒரே லயத்தில் பிறந்த தோழி. அவள் கூப்பிட்டும் பிரேமலா போகவில்லை. அந்தப் பேச்சை எடுத்தாலே போனை வைத்துவிடுவாள். கடைசியில் ஒரு நாள் தூக்கத்திலேயே அம்சாவின் மூச்சு நின்றுவிட்டது.

பிரேமலா அம்மனோடு பேச்சை நிறுத்திப் பல மாதமாகிறது. அசாம் ஜாவா ஊரில் அவள் வீட்டுச் சாமி விளக்கு எண்ணெய் காய்ந்து கிடந்தது. இன்றும் சன்னிதிப் பக்கம் திரும்புவதாக இல்லை. படத்துக்கு ஒரு கைப் பூ, பேருக்கு ஒரு வாய்ச் சோறு, அதோடு கிளம்பிவிடுவது என்றுதான் வந்திருந்தாள்.

"தங்கச்சி, இங்க இடம் இருக்கு லா" என்று கூப்பிட்டார் சுகுமாறன். செட்டுக்கு அவர்தான் தலைவர்போல இருந்தது. ஒரு காலத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர்.

வேறு நாற்காலி இல்லை. உட்கார்ந்தாள்.

அவர்கள் ஒரு கிளாஸ் தேத்தண்ணியை மூன்று பேராகப் பங்கு போட்டுக் குடித்தார்கள். பாயசத்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு, பெரிய திருட்டுச் செய்தவர்கள்போலச் சிரித்தார்கள்.

"அம்சா பாட ஆரம்பிச்சான்னா எந்திரிச்சு ஓடவும் முடியாதும்மா" என்றார் சுகுமாறன். "நாலு மணி நேரம் கேட்டுத்தான் ஆவணும். சுருதியாவது ஒண்ணாவது."

மேசை மறுபடி குலுங்கியது. பிரேமலாவுக்கும் உதடு துடித்தது. அடக்கிக்கொண்டாள்.

அப்போது லிம் அங்கிள் எழுந்தார். சுங்கை செம்பிலாங்கில் மீன் வியாபாரம் பார்த்த சீனப் பெரியவர். அவரும் செட்டுதான். மெல்ல நடந்து போய் அம்சாவின் படத்துக்கு முன் நின்று, கைகூப்பி, தமிழில் பாட ஆரம்பித்தார்.

"கித்தாக்காட்டு மாரியம்மா, கிட்ட வந்து பாருமம்மா..."

பிரேமலா சட்டென்று நிமிர்ந்தாள்.

அது எந்தக் கோயில் பாட்டும் இல்லை. எந்தப் புத்தகத்திலும் இல்லை. தமிழ்ப் பள்ளிக்கு நடந்துபோகிற செம்மண் சாலையில் இரண்டு சிறுமிகள் ஆளுக்கொரு அடியாகக் கட்டியது. முதல் அடி அம்சா. இரண்டாவது அடி பிரேமலா.

லிம் அங்கிள் அந்த ஓரடியையே இரண்டு தரம் பாடினார். பிறகு நிறுத்திவிட்டு, யாருக்கோ காத்திருப்பதுபோல நின்றார்.

"ஏண்ணே நிறுத்திட்டாரு?" என்று சுகுமாறனிடம் கேட்டாள்.

"அம்சா அங்கதாம்மா நிறுத்துவா. மிச்சம் எங்கன்னு கேட்டா, அது இன்னொருத்தி பாடுற இடம், அவ வருவான்னு சொல்லுவா."

பிரேமலா எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"எட்டி எட்டி நிக்காதம்மா, எங்க கூட வந்திடம்மா."

குரல் கீச்சென்று பிசிறியது. அம்சாவையே தோற்கடிக்கும் அபசுரம். செட்டு முழுவதும் கைதட்டித் தாளம் போட, லிம் அங்கிள் முதல் அடியை எடுக்க, இவள் இரண்டாவதைப் பிடிக்க, பூசாரிகூடத் தாம்பாளத்தில் விரலால் தட்டத் தொடங்கிவிட்டார்.

பாடி முடித்தபோது பிரேமலா சன்னிதியைப் பார்த்தபடி நின்றிருந்தாள். திரும்பிக்கொள்ளத் தோன்றவில்லை. கண்ணில் நீர் வழிந்தது. வாய் சிரித்துக்கொண்டிருந்தது. கைகள் எப்போதோ கூப்பியிருந்தன.

மேசைக்குத் திரும்பினாள்.

"செவ்வாக்கிழம காலையில வேன் அசாம் ஜாவா வழியாத்தான் போவும்" என்றார் சுகுமாறன், அவள் முகத்தைப் பார்க்காமலே.

அம்சா இவளைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள்.

பிரேமலா நீளக்கை ரவிக்கையின் இடக்கையை மெல்லச் சுருட்டினாள். மணிக்கட்டுக்கு மேலே ஆறிப்போன தையல் தழும்பு. சிறுநீரகம் இரண்டும் போய்க்கொண்டிருக்கிறது, சீக்கிரமே இயந்திரம்தான் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று சொல்லி டாக்டர்கள் ஊசி ஏற்றுவதற்காக அறுத்துத் தயார் செய்துவைத்த ரத்த நரம்பு. தேதி தேதியாகக் கொடுத்தும் அவள் போகவில்லை. ஓர் ஊசிகூட அதில் இன்னும் ஏறவில்லை.

"ஊசி ரொம்ப வலிக்குமாண்ணே?"

மேசையைச் சுற்றி ஒவ்வொரு சட்டைக் கையாக மேலே ஏறியது. ஒவ்வொரு கையிலும் கயிறுபோலப் புடைத்த நரம்பு, நெடுகிலும் ஊசித் தடம்.

லிம் அங்கிள்தான் யோசித்துச் சொன்னார். "ஊசி கொஞ்சம் வலி. பாட்டுதான் ரொம்ப வலி."

பிரேமலா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"முச்சந்தியில நிக்க மாட்டேன். வீட்டு வாசலுக்கே வரணும்" என்றாள். "பச்சைக் கேட்டு போட்ட வீடு. சூரா பள்ளிவாசலுக்குப் பக்கத்துச் சந்து."