எடுத்த இடம்

கைப்பேசியில் படம் எடுப்பவர்களை சீனுவாசன் மனிதர்களாகவே மதிப்பதில்லை. திண்டிவனத்தில் இருபத்திரண்டு வருடமாக ஸ்டூடியோ வைத்திருப்பவர். "போன் வெச்சிக்கினு இருக்கிறவன்லாம் போட்டோகிராபர்னா, ஊசி வெச்சிக்கினு இருக்கிறவன்லாம் டாக்டரா?" என்று கடைக்கு வருகிறவர்களிடமே கேட்பார்.

ஆனால், விழுப்புரம் புகைப்படக் கழகம் 'கோணம்' என்று போட்டி அறிவித்தபோது, அனுப்புவதற்கு அவரிடம் உருப்படியாக ஒரு படம் இல்லை. அம்மன் கோயில் திருவிழா வாணவேடிக்கையை லட்ச ரூபாய் கேமராவில் நூற்றுக்கும் மேல் சுட்டுத் தள்ளியிருந்தார். எல்லாமே புகையும் கிறுக்கலுமாக வந்திருந்தன.

திருவிழா முடிந்த மறுவாரம் பச்சைமுத்து என்று ஒருவன் கடைக்கு வந்தான். பாஸ்போர்ட் அளவில் படமும், போனில் இருந்த ஆதாருக்கு நகலும் கேட்டான்.

"ஜல்தி குடுங்க சார். நாளைக்கு சிங்கப்பூர் போறேன்."

கண்ணாடி விரிசல் விட்ட போன். முகத்தைச் சுளித்துக்கொண்டே அதைக் கம்ப்யூட்டரில் சொருகினார். அப்போதுதான் அந்தப் படம் கண்ணில் பட்டது.

அதே வாணவேடிக்கை. முன்னால் உயரமான தண்ணீர்த் தொட்டி. அதன் தூண்களுக்கு நடுவே, தூரத்துக் கோபுரம் பொம்மை போலத் தெரிந்தது. தொட்டியின் தலையிலிருந்து கொத்துக் கொத்தாக வாணங்கள் விரிந்திருந்தன. தண்ணீர்த் தொட்டி பூந்தொட்டியாகவே மாறியிருந்தது.

'இந்த மூஞ்சிக்கு இப்படி ஒரு படமா?' என்று பொருமினார் சீனுவாசன். படத்தைத் தன் கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொண்டு, போனில் இருந்ததை அழித்துவிட்டார். பச்சைமுத்து எதையும் கவனிக்காமல் நகலை வாங்கிக்கொண்டு போனான்.

படத்துக்கு முதல் பரிசு கிடைத்தது; பேப்பரிலும் வந்தது. யாராவது குடைந்து கேட்டால் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று, படத்தைக் கையில் பிடித்தபடி இரண்டு நாள் தெருத்தெருவாக அலைந்து, அது எடுக்கப்பட்ட இடத்தையும் கண்டுபிடித்து வைத்துக்கொண்டார்.

பரிசளிப்பு நாள். விழுப்புரம் மண்டபத்தில் மற்றவர்களின் படங்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியபடி நடந்தார். அவருடைய படத்தின் முன்னால் பருத்திப் புடவை கட்டிய ஒரு பெண் வெகுநேரமாக நின்றிருந்தாள்.

"இத நீங்கதான் எடுத்தீங்களா சார்?"

"வேற யாரு? கீழ பேரு போட்டிருக்கில்ல."

"போன்ல எடுத்த மாதிரி இருக்கு..."

சீனுவாசன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பச்சைமுத்துவின் அக்காவா, பெண்டாட்டியா? யாராக இருந்தாலும் இங்கேயே வாயை அடைத்தாக வேண்டும்.

"கோணம்னா இன்னான்னு தெரியுமாம்மா உனக்கு? தூணுக்கு நடுவுல கோபுரம் வரணும்னா, நாலடி தள்ளி நின்னாலும் வராது. ஊருக்கே ஒரே எடந்தான்."

"எந்த எடம் சார்?"

"பள்ளிவாசல் தெருவுல பச்ச பெயின்ட் அடிச்ச மூணு மாடி வீடு. அந்த மொட்ட மாடி."

"அது பூட்டிக் கெடந்த வீடாச்சே?"

"பக்கத்துல கட்டடம் கட்டிக்கினு இருந்தாங்க. அந்தச் சாரத்துல ஏறிக் குதிச்சேன். கலைன்னா சும்மாவா?"

"கூட யாராச்சும் இருந்தாங்களா?"

"ஒரு ஈ காக்கா கெடையாது. வேடிக்க ஆரம்பிச்சதுலேர்ந்து முடியிற வரைக்கும் நான் ஒருத்தன்தான்."

"இதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?"

தந்துவிட்டால் பச்சைமுத்துவின் குடும்பமே இனி வாயைத் திறக்க முடியாது என்று கணக்குப் போட்டார் சீனுவாசன். அழைப்பிதழின் பின்புறத்தில் விவரமாக எழுதி, சுழித்துக் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"பிரேம் போட்டு மாட்டிக்கம்மா!"

அவள் நிதானமாகப் படித்துப் பார்த்துக் கைப்பையில் வைத்தாள். வாசலில் நின்றிருந்த இரண்டு பேரைப் பார்த்துத் தலையசைத்தாள். அவர்கள் வந்து சீனுவாசனின் இருபுறமும் நின்றுகொண்டார்கள்.

"நான் திண்டிவனம் கிரைம் இன்ஸ்பெக்டர் காந்திமதி. அந்த வீட்டுக்காரர் அப்துல் ஹக்கீம் முந்தாநாள்தான் துபாய்லேர்ந்து வந்து பீரோவத் தொறந்தாரு; திருவிழா அன்னிக்கி வாணச் சத்தத்துல மொட்ட மாடிக் கதவ ஒடச்சி நாப்பத்தோரு சவரன எடுத்துக்கினு போனது யாருன்னு தெரியாம ரெண்டு நாளா ஒரே பேஜாரா இருந்திச்சி சார்!"