பச்சைப் புள்ளி

"டிங்!"

பால் குடித்தபடியே கண் சொருகிய குழந்தை, திடுக்கிட்டு வீலென்று கத்தியது.

லேப்டாப்பில் அதே கேள்வி: "இருக்கீங்களா?"

"ஆரம்பிச்சுட்டான் கழுகு!"

குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடினாள். ஒற்றை விரலால் தட்டினாள். "இருக்கேன் சார்."

ஆஸ்பத்திரி பில்களைப் பார்த்து வீட்டிலிருந்தே டைப் அடிக்கிற வேலை. கணவர் கப்பல் வேலையில். வீட்டு வாடகை இந்த வேலையை நம்பித்தான். கழுகு என்று அவள் பெயர் வைத்திருந்த சூப்பர்வைசரை அவள் பார்த்ததே இல்லை. அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரியும், அவ்வளவுதான்.

கூட வேலை பார்க்கும் அக்காவிடம் போனில் புலம்பினாள். "கொஞ்சம் அசந்து உட்கார விடமாட்டேங்கறான்க்கா. பாத்ரூம் போனாக்கூட இருக்கீங்களாங்கறான்."

"என்கிட்டயும்தான் கேக்கறான். கத்திட்டுக் கிடன்னு பதிலே போடமாட்டேன். நீ ஏன்டி பயந்து சாகற?"

"பயமா இருக்கே, என்ன பண்ண?"

அடுத்த வாரம் அக்காவே கூப்பிட்டாள். குரலில் ஒரே குஷி.

"கழுகைத் தூக்கிட்டாங்கடி! ஏதோ மெஷினை ஏமாத்தினானாம். இனிமே கேள்வி கேக்க ஆளே கிடையாது. நிம்மதியாப் பிள்ளையைப் பாரு."

அன்றைக்கு ஒரு டிங் இல்லை. குழந்தை வயிறு முட்டக் குடித்துவிட்டுத் தூங்கியது. அவளும் பக்கத்திலேயே கொஞ்சம் தலை சாய்த்தாள்.

எழுந்து வந்து பார்த்தால், திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. 'நீங்கள் வேலையில் இல்லை. இன்றைய சம்பளம் ரத்து.'

பதறிப்போய் அக்காவைக் கூப்பிட்டாள். "புதுசா என்னமோ வந்திருக்குக்கா..."

"என்ன புதுசு? முதல்லேர்ந்தே இருக்கே! கொஞ்ச நேரம் எதுவும் தட்டலேன்னா மெஷின் தானாவே அன்னிக்குச் சம்பளத்தை வெட்டிவிட்டுடும். எனக்கு எத்தனை நாள் சம்பளம் போயிருக்கு! உனக்கு ஒருதடவைகூட ஆனதில்லையா?"

"இல்லையேக்கா. அதுக்குள்ள சார் கூப்பிட்டுடுவார். நான் ஓடிப்போய் பதில் தட்டி..."

சொல்லிக்கொண்டே லேப்டாப்பைத் திரும்பிப் பார்த்தாள்.

அக்கா மெதுவாகக் கேட்டாள். "மெஷினை ஏமாத்தினார்னாங்களே... இதைத்தானாடி?"

போனை வைத்தாள். குழந்தை இன்னும் எழவில்லை. காலையிலிருந்து அவளை இருக்கியா என்று கேட்க ஒரு ஆள் இல்லை.

லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, அதே ஒற்றை விரலால் தட்டினாள்.

"சார், இருக்கீங்களா?"

புள்ளி பச்சையாகவில்லை.