பழைய கேசட்

"ஹிப்ஹாப் செத்துப்போச்சு!" வானொலி நேரலையில் விமர்சகர் வழக்கம்போல் வெளுத்து வாங்கினார். "போன வாரம் ஒருத்தன் பாட்டு வந்துச்சு. பத்து நொடிக்கு மேல காது தாங்கல, நிறுத்திட்டேன். குப்பை!"

கட்டுப்பாட்டு மேசையில் இருந்த ஒலிப்பதிவாளன் குரலில் தேன் தடவிக் கேட்டான். "சார், அந்தக் காலத்துக் கேசட் ஒண்ணு கிடைச்சுது. போடட்டுமா?"

கரகர இரைச்சலோடு பாட்டு ஓடியது. விமர்சகருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"இதுதான்யா பாட்டு! வரிக்கு வரி நெருப்பு. இப்ப இருக்கறவனுங்க இவன் கால் தூசி பெறுவானுங்களா? பாடினவனை எனக்கு நல்லாத் தெரியும், அப்போ என்கூடவே சுத்தினவன்."

"அப்படியா சார்?" ஒலிப்பதிவாளன் தன் மைக்கைத் திறந்து, அடுத்த வரிகளை அதே குரலில் பாடினான்.

விமர்சகர் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார்.

"நீங்க பத்து நொடியில நிறுத்தினீங்களே, அந்தப் பாட்டோட மிச்சம் சார் இது. நேத்துதான் கேசட்டுல ஏத்தினேன்."

"நேரலையை நிறுத்துடா!"

நிறுத்தும் பொத்தான் அவன் விரலடியில்தான் இருந்தது. அவன் கையைக் கட்டிக்கொண்டான்.