உப்புக் கூடிய தொட்டி

கண்ணாடித் தொட்டியின் நீல வெளிச்சத்தில் தையல்காரர் மூச்சடக்கிக் குனிந்திருக்கிறார். அவர் ஊருக்குப் போகும்வரை பூவாய் விரிந்திருந்த கடற்சாமந்தி என்ற கடலுயிரி, பவளத்தடியில் கசங்கிய துணிபோல் சுருண்டு கிடக்கிறது. "நீ ஊர்ல இல்லாதப்ப தண்ணி குறைஞ்சுதுன்னு உப்புத்தண்ணியத்தான்டா ஊத்தினேன். கடல்ல இருக்கிறதுதானே அது?" என்கிறாள் அக்கா. "ஆவியாப் போறது தண்ணி மட்டும்தான்க்கா, உப்பு அப்படியே நிக்கும். நீ ஊத்தினதுல இப்ப கருவாடே போடலாம்." கடற்சாமந்தி செத்திருந்தால் உடனே எடுத்தாக வேண்டும், விட்டால் அழுகி, தொட்டியிலுள்ள மற்ற உயிர்களையும் கொண்டுபோய்விடும். உயிர் இருக்கிறதா என்று பார்க்க, இடுக்கியால் மிளகளவு இறால் துண்டை எடுத்து அதன்மேல் மெல்ல வைக்கிறார். பம்பு முனகுகிறது. துண்டு நழுவவில்லை, ஒரே ஓர் இதழ் நிதானமாக அதைச் சுற்றி வளைகிறது. "டேய், அதுக்கு வாயே இல்லையேடா!" அக்கா கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்க்கும்போது, மடிப்புகளின் நடுவே சட்டைப் பொத்தானின் காஜா அளவுக்கு ஒரு பிளவு திறக்கிறது.