சூடு கொஞ்சம் அதிகம்

"சூட்டைக் கொறை மாமா. மஞ்சத் துணி, கருத்துப் பூடும். மேல பேப்பர் வச்சு அமுக்கு," என்றாள் செங்கொடி.

"டீ ஷர்ட் கடை வச்சிருக்கிற எனக்கே சொல்லிக் குடுக்கிறியா?" என்ற அன்பரசன், அவள் திரும்பியதும் சூட்டை ஏற்றி, பேப்பர் வைக்காமலே படம் அச்சடிக்கும் மெஷினை அமுக்கினான். டீ ஷர்ட்டின் நெஞ்சு தோசை மாதிரி முறுகியது.

"அடடா, என்னுது வீணாப் பூட்ச்சே. வேற துணியும் இல்ல," என்று சோகமாகச் சொன்னான்.

மாமியாரின் அறுபதாவது பிறந்தநாளுக்கு, அவர் முகத்தை நெஞ்சில் சுமந்து காலடிப்பேட்டைத் தெருக்களில் குடும்பத்தோடு ஊர்வலம் போவதிலிருந்து தப்பியாயிற்று.

"கவலைப்படாத மாமா. உன்னுதை நேத்தே அடிச்சு வச்சிட்டேன். இது எங்க நைனாவுது," என்றாள் செங்கொடி.

கடை வாசலில் உட்கார்ந்திருந்த மாமனார் சின்னப்பையன் எழுந்து வந்து, அன்பரசனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லா இருப்ப மாப்ளே."